நடத்தை விதிகள் அமல்

ஓர் அங்குலமும் சொச்சமும் உயரம்.
முப்பத்திரண்டு பேர்.
சாம்பல் பூச்சு உலர்ந்து
மூன்று வாரமாய் என் மேசையில் நிற்கிறார்கள்
சம்பளம் வராத பட்டாளம் மாதிரி.

பகலில் எனக்குப் பல் வேலை.
சிம்மக்கல் லேபில் பீங்கான் பல்லுக்கு
நிறம் கூட்டுகிறேன்.
வெற்றிலை போட்டவர் பல்லுக்கும்
டீயிலேயே காலம் தள்ளியவர் பல்லுக்கும் நடுவே
பதினாறு வெள்ளை இருக்கிறது.
எதைக் கேட்டாலும் கண்ணை மூடி எடுத்துத் தருவேன்.
இந்தப் பொடிப்பயல்களின் சட்டைக்குத்தான்
ஒரு நிறம் வாய்க்கவில்லை.

டைட்டஸ் சொல்வான்:
மூணு நிறம் போதும்.
ஒண்ணு உடம்புக்கு, ஒண்ணு ஓரத்துக்கு,
மூணாவது, கண்ணு போய் உக்கார.
ஞாயிற்றுக்கிழமை கோரிப்பாளையத்து மாடியில்
பகடை உருட்டி
என் சாம்பல் ஆட்களை வெட்டிச் சாய்த்துவிட்டு
"துணியில்லாதவன் செத்தா
எண்ணிக்கைல வராது" என்பான்.

முதல் சிப்பாய்க்கு மஞ்சளும் சிவப்பும் வைத்தேன்.
லேபுக்குக் கொண்டுபோனேன்.
மைதீன் லென்ஸைக் கண்ணில் பொருத்திப் பார்த்தான்,
மெல்லக் கீழே வைத்தான்.
"அக்கா, நீங்க அவுங்களா?"

ஸ்பிரிட்டில் முக்கிக் கழுவினேன்.

பச்சையும் சிவப்பும்.
மேல்வீட்டுப் பையன், எட்டாவது படிக்கிறவன்,
தன் மணிக்கட்டுக் கயிற்றை
சிப்பாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான்.
"ஒரே மாதிரி இருக்குல்ல" என்றான்
அவ்வளவு சந்தோஷமாய்.
மறுபடி ஸ்பிரிட்.

கறுப்பும் சிவப்பும் கேட்கவே வேண்டாம்,
நடுவில் வெள்ளை வந்தால் வேறு பேர்.
நீலம் தனியே நின்றால் ஒருவர் வருகிறார்,
சிவப்பு சேர்ந்தால் இன்னொருவர்.
காவிப் புட்டியின் மூடியை நான் திறக்கவே இல்லை.
இந்த ஊரில்
ரெண்டு நிறம் பக்கத்தில் பக்கத்தில் நின்றால்
இடையில் ஒரு கொடிக்கம்பம் முளைத்துவிடுகிறது.

யாரும் கேட்டு வராத நிறங்களைத் தேடினேன்.
பருத்திப்பால் ஆறி ஏடு படிந்த நிறம்.
மேலூர் குவாரி லாரியின் டயர்த் தூசி.
வைகையில் ஆகாயத்தாமரை அழுகும் பச்சை.
கிட்டத்தில் அழகுதான்.
ஒரு முழம் தள்ளி வைத்தால்
எல்லாம் ஒரே சேறு.

பிறகு தேர்தல் தேதி அறிவித்தார்கள்.
மறுநாள் காலை ஆரப்பாளையம் போகிற வழியில்
மாநகராட்சி ஆட்கள்,
வாளியும் நீளக் குச்சியில் கட்டிய பிரஷுமாய்.
சுண்ணாம்பைத் தண்ணியாகத்தான் கரைத்திருந்தார்கள்.
ஈரத்தில் எல்லாம் தெரிந்தது.
காய்ந்த பிறகும் முழுசாய்ப் போகவில்லை.
ஒரு மூலையில் மஞ்சள் மூச்சு விட்டது.
யாரோ ஒருவரின் பாதி மீசை.
வருக வருகவில் மிஞ்சிய ஒரு 'ரு'.
வெள்ளை என்று அதைச் சொல்ல முடியாது.
என் பதினாறில் அது இல்லை.

பஸ்ஸைத் தவறவிட்டேன்.

அன்றிரவே உட்கார்ந்தேன்.
ஆளுக்கொரு கொடியாய்ப் பூசினேன்,
எதையும் விடவில்லை, காவியையும்.
அதன்மேல்
ஒரு சொட்டு வெள்ளைக்கு ஏழு சொட்டுத் தண்ணீர்.
உலரவிட்டு, இன்னொரு கை.
அடியில் நிறம் வைத்து
மேலே பீங்கான் ஏற்றுகிற அதே வேலைதான்,
நோயாளி மட்டும் வாயைத் திறக்கவில்லை.
மடிப்புகளில் நிறம் தங்கியது,
தோளில், முழங்காலில், கேடய விளிம்பில்
சுண்ணாம்பு ஏறி நின்றது.
விடியும்போது முப்பத்திரண்டு பேரும்
ஒரே படையாகியிருந்தார்கள்.
உற்றுப் பார்த்தால் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை
டைட்டஸ் ஒருவனைத் தூக்கி
டியூப்லைட் பக்கம் திருப்பினான்.
"எந்தக் கட்சி?"
"ஓட்டு எண்ணி முடிக்கிற வரைக்கும்
எதுவும் இல்ல."

ரெண்டாவது சுற்றிலேயே என் முன்வரிசை சரிந்தது.
செத்தவர்களை ஒவ்வொருவராய் எடுத்து
ஓரம் வைத்தபோதெல்லாம்
அவன் கட்டைவிரலை ஆள்காட்டி விரலில்
தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டான்,
சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறதா என்று.