நீலச் சால்வை

எங்கள் சங்கத்தில் ஒன்பது பேர்.
கொப்பியில் பதினொன்று.
ஜெனோவா கட்டாருக்குப் போய்விட்டாள்,
மற்றவளின் பெயரை வெட்ட எனக்கு மனமில்லை.

செயலாளர் நான்.
தவணைக்கு ஆளுக்குப் பத்து மணித்தியாலம் சேவை,
அதற்கு ஒரு நிரல், கையொப்பத்துக்கு ஒரு நிரல்.
'மரியாளின் தோழியர்' என்று அட்டையில்
கொன்சலா சாய்த்து எழுதியிருக்கிறாள்.
இடம் போதாமல் தோழியர்
ஓரத்தில் நெருக்குப்பட்டு நிற்கிறார்கள்.

சனிக்கிழமை நிலாவெளி பஸ்ஸால் இறங்கினோம், ஆறு பேர்.
ஸ்டாண்டில் ஒரு மான்
லஞ்ச் சீற்றை மென்றபடி வழிமறித்தது.
பெர்னதெத் வாய்க்குள் விரல்விட்டு இழுத்தாள்.
அரைவாசிதான் வந்தது.
"இதுக்கும் மணித்தியாலம் போடுவியா?"
நான் போடவில்லை.

பெண்கள் வார்ட்டில் எல்லோரும் எங்களை
சிஸ்டர் என்கிறார்கள்.
கன்னியாஸ்திரிக்கும் சிஸ்டர்,
வார்ட்டுக்குப் பொறுப்பானவருக்கும் சிஸ்டர்,
கணக்கியலை இரண்டாம் தரம் எழுதும் எனக்கும் சிஸ்டர்.
"சேலைன் முடிஞ்சுது சிஸ்டர்" என்று ஒருத்தி கை நீட்ட
உண்மையான சிஸ்டரைத் தேடி ஓடினேன்.

பதினேழாம் கட்டிலில் கிண்ணியா சுலைஹா.
ஓட்டோ பிரண்டு இரண்டு கையிலும் பிளாஸ்டர்.
பன்னிரண்டு நாளாய் முக்காட்டுக்குள் தலை அரிக்குதாம்.
சொல்ல வெட்கம், சொன்னதும் அழுகை.
"பேனும் இருக்கும், புள்ள."

பார்வையாளர் நேரம். வாசல் நிறைய ஆம்பிளையள்.
வார்ட்டிலிருந்த ஒரே மறைப்பு
ஜன்னலோரக் கட்டிலைச் சுற்றி நின்றது.
அங்கே யாரும் பேசவில்லை.

கொன்சலாதான் முதலில் சால்வையைக் கழற்றினாள்.
மெழுகுதிரி பிடித்து வாக்குக் கொடுத்த இரவில்
பாதர் ஆசீர்வதித்துத் தோளில் போட்டது.
'தண்ணீர் படக்கூடாது, சாயம் போகும்,
ஞாயிறு பவனிக்கு வேண்டும்':
கூட்டக் குறிப்பில் நானே எழுதியிருந்தேன்.

ஐந்து சால்வையை ஊசி குத்தித் தொடுத்து
ஐந்து பேர் பிடித்துக்கொண்டு
வெளியே பார்த்து நின்றோம்.
ஆறாவது, துடைக்க.

உள்ளே பெர்னதெத், ஒரு வாளி, ஒரு பேசின்.
தண்ணீர் ஊற்றும் சத்தம்.
பிறகு நெடுநேரம் சீப்பு மட்டும்.
எனக்குக் கை உளைந்தது.
அருள்நிறைந்த மரியே சொல்லப் பார்த்தேன்,
நாலரை பஸ்தான் ஞாபகம் வந்தது.

"இதுக்கு உங்களுக்கு மாக்ஸ் கிடைக்குமா?"
சால்வைக்கு அந்தப் பக்கமிருந்து சுலைஹா.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
"மணித்தியாலம் கிடைக்கும்" என்றேன்.
அவள் சிரித்தாள், நாங்கள் முதல்முறை கேட்ட சிரிப்பு.
"அப்ப ஆறுதலா இழுங்க, புள்ள.
கூடப் போடட்டும்."

பாலையூற்றில் மறுநாள் திருச்சுருவப் பவனி.
காயாத சால்வையின் நீலம்
என் வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து இறங்கியிருந்தது.
பாதர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.
பின்னால் வந்த பொடியன்தான்
பேன் மருந்து மணக்குது என்று உரத்துச் சொன்னான்.

இரவு கொப்பியைத் திறந்தேன்.
எல்லோருக்கும் ஒன்றரை.
பெர்னதெத்துக்கு இரண்டு,
மானையும் சேர்த்து.