தடையுத்தரவு

மேல்பட்டாம்பாக்கம் ரயில்வே கேட்டைத் தாண்டினால்
இடது கையில் வாய்க்கால்.
அதை ஒட்டி அஞ்சலாட்சி குத்தகைக்கு எடுத்த ரெண்டேகால் ஏக்கர்.
ஒரே மூட்டைச் சணப்பை, ஒரே நாள் விதைப்பு,
ஆடிப்பெருக்குக்கு மறுநாள்.
மடக்கி உழுவதற்கு முன் வேரைப் பார்க்க வந்தேன்,
மண்வெட்டியும் ஐஸ் பெட்டியும்
எண்பது பிளாஸ்டிக் பைகளுமாக.

பிடுங்கக் கூடாது.
பிடுங்கினால் முடிச்சு அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும்.
சுற்றி வெட்டி, கட்டியோடு தூக்கி,
வாளித் தண்ணீரில் ஊறவிட்டேன்.
அவள் வாங்கி அலசினாள். நெத்திலி அலசிப் பழகிய கை.

மேற்குத் துண்டு
முப்பத்திரண்டு வருசக் கரும்பு.
கட்டைக் கரும்பின்மேல் கட்டைக் கரும்பு,
சோகைக்கு வைத்த தீ, மூட்டை மூட்டையாய் யூரியா.
வேரில் அங்கொன்று இங்கொன்று, கடுகளவு.
நகத்தால் கீறினால் உள்ளே வெளுப்பு.
‘சும்மா தின்னுட்டுக் கெடக்குற கூட்டம்’ என்றேன்.
‘எங்க வீட்டுக்காரரு மாதிரி’ என்றாள்,
அலசுவதை நிறுத்தாமல்.

கிழக்கே மல்லாட்டை, உளுந்து, ஒரு வருசம் எள்,
தானே புயலுக்குப் பிறகு மூன்று வருசம் சவுக்கு.
செடிக்குப் பதினெட்டு, இருபது முடிச்சு.
கீறினால் லேசான ரோஸ்.

வேர்
கொஞ்சம் சர்க்கரையைக் கசியவிட்டு
இருட்டில் கூப்பிட்டுப் பார்க்கும்.
வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
அதே குரல்தான்.
வருவதற்கு ஆள் இருக்க வேண்டும்.
முப்பத்திரண்டு வருசம்
கேட்காமலே படியளந்த மண்ணில்
யார் எழுந்து வருவார்?

பிறகு அந்த மூலை.
வாய்க்கால் திரும்பும் இடம், கரும்புத் துண்டுக்கு உள்ளேயே,
பதினோரு சென்ட் இருக்கும்.
சணப்பை அங்கே மட்டும் என் தோளுக்கு மேல்.
தூக்கிய கட்டி கனத்தது.
முடிச்சுகளை எண்ணத் தொடங்கி
அறுபத்தேழில் விட்டேன்.
கீறினேன். ரத்தம்.
உவமைக்குச் சொல்லவில்லை,
நம் ரத்தத்துக்கு ஒன்றுவிட்ட சிவப்பு அது,
காற்றைப் பிடித்து வைக்கிற சிவப்பு.

அடங்கலைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.
பசலி ஆயிரத்து நானூற்று இரண்டில் தொடங்கி
கரும்பு. கரும்பு. மேற்படி. மேற்படி.
அந்த மூலைக்கும் மேற்படிதான்.

‘அது கேஸ் நடந்த எடம்மா.’

தணிகாசலமும் பலராமனும்.
ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.
பண்ருட்டி கோர்ட், பிறகு கடலூர் கோர்ட்,
ஒன்பது வருசம் தடையுத்தரவு.
ஏர் இறங்கவில்லை, உரம் விழவில்லை,
ஆடு ஏறினாலும் அரிவாளோடு வந்தார்கள்.
அம்மாவைத் தூக்கிய அன்று
ஒருவன் முன்வாசலில், ஒருவன் பின்வாசலில்.
கொளுஞ்சி தானாய் முளைத்தது, காய்ந்தது,
வெடித்து உதிர்ந்து மறுபடி முளைத்தது.
ஊடே அவுரி.
வக்கீல் வரவில்லை என்று ஒரு வாய்தா,
ஜட்ஜ் மாற்றல் என்று ஒரு வாய்தா.
கீழே இவை
பெருகிக்கொண்டே இருந்திருக்கின்றன.

‘அப்புறம் ராசியானாங்களா?’
‘எங்க? வித்துப் பிரிச்சுக்கிட்டாங்க.
வாங்கினவரு நெய்வேலியில இருக்காரு.’

படிவத்தில் ‘முந்தைய பயிர்’ என்று ஒரு கட்டம்,
கட்டைவிரல் அகலம்.
கரும்பு என்று எழுதி அடித்தேன்.
தரிசு என்று எழுதி அதையும் அடித்தேன்.
பை எண் நாற்பத்தொன்று.
பென்சிலில் ‘பகை’ என்று போட்டேன்.
ஆய்வகத்தில் கேட்பார்கள், கேட்கட்டும்.

‘இந்த மண்ணுல நாலு கூடை வெட்டி
அந்தப் பக்கம் எறைச்சா புடிக்குமா?’

பிடிக்கலாம், யூரியாவைக் குறைத்தால்,
மழை வந்து அடித்துப் போகாமல் இருந்தால்,
எத்தனை வருசம் ஆகும் என்று மட்டும்...

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தேன்.
அவள் வரப்பில் இல்லை.
கூடை எடுக்கப் போய்விட்டாள்.