நடுக்கோப்பு

கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட,
டயர்க் கடைக்கு மேல்மாடி.
மூன்று மொழியில் நிரல் எழுதுகிறோம்,
ஒரு மொழியில் சண்டை பிடிக்கிறோம்.

நெல் கொள்வனவுக் கணக்கு பைதனில்.
தராசோடு பேசுவது சி.
கைபேசிச் செயலி ஜாவாவில்.
அதை எழுதிய டிலக்சன் இப்போது நோர்வேயில்.
அவன் விட்டுப்போன ஒரே குறிப்பு:
"இதைத் தொடாதே. ஏனென்று பிறகு சொல்கிறேன்."

ஆவணம் நாலு விதமாய்க் கேட்கிறார்கள்:
வலைப்பக்கம், அச்சுப் புத்தகம்,
திரையோரத்தில் எட்டிப்பார்க்கும் உதவி,
சங்கத்து முகாமையாளருக்கு ஒரு எக்செல் தாள்.
மூன்றை நாலால் பெருக்கப் பன்னிரண்டு பாதை.
நடுவில் ஒரு கோப்பை வைத்தால்
மூன்று வரும், நாலு போகும்; ஏழு.
ஐந்து பாதை மிச்சம் என்று
வெண்பலகையில் எழுதிவிட்டு
நிலோஜினி றோல்ஸ் வாங்கப் போனாள்.

நான் உவமை தேடினேன்.
இரணைமடுவை எடுத்தேன்: குளம், வாய்க்கால், வயல்.
திரும்பி வந்தவள் ஒப்பவில்லை.
"தண்ணிக்குப் பேர் இல்லை.
எந்த மடையால வந்ததெண்டு வயல் கேட்காது.
இது கேட்கும்.
எந்தக் கோப்பு, எத்தனையாம் வரி,
ஆர் எழுதினது, எந்தப் பதிப்பில இருந்து."

சரிதான்.
நடுக்கோப்பு எவரும் வாசிக்கப் பிறந்ததல்ல.
எழுத்துரு இல்லை, நிறமில்லை.
வளைந்த அடைப்புகள், மேற்கோள்கள்,
பெயர், வகை, உள்ளீடு, திருப்பித் தருவது, விபரம்.
நிரலுக்கும் பக்கத்துக்கும் இடையில்
அரை நொடி இருந்துவிட்டு
அடுத்த தொகுப்பில் அழிந்து
மறுபடி எழுதப்படும்.

சண்டை விபரத்தில் வந்தது.
குறிப்பே இல்லாத செயற்கூறுகள் நாற்பத்தொன்று.
அந்த வரியையே விட்டுவிடலாம் என்றேன்,
கோப்பு மெலியும்.
வெறும் மேற்கோளைப் போடு என்றான் யதுகரன்,
நிரல் விழாது.
நிலோஜினி இரண்டுக்கும் தலையாட்டவில்லை.

"கச்சேரியில படிவம் நிரப்பேக்க
அப்பாவின்ர தொழில் எண்ட இடத்தில
கோடு போட்டனான்.
கோடெண்டால் என்ன பிள்ளை,
வேலை இல்லையோ, ஆள் இல்லையோ, தெரியாதோ
எண்டு கேட்டார் கிளாக்கர்.
மூண்டுக்கும் அந்தத் தாளில ஒரே கோடுதான்."

கீழே காற்றுப்பம்பி
இரைந்து நின்றது.
நாங்கள் மேற்கொண்டு கேட்கவில்லை.
றோல்ஸ் பொதியின் எண்ணெய்
வெண்பலகைத் துடைப்பானில் ஊறிக்கொண்டிருந்தது.

அன்று பின்னேரம் எங்கள் தரநிலையில்
ஒரு புலம் கூடியது. பெயர்: நிலை.
எழுதப்பட்டது.
எழுதத் தேவையில்லை.
எழுதியவரைக் கேட்க வேண்டும்.

நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு கடைசி வகை.
டிலக்சனுக்கு மின்னஞ்சல் போட்டோம்.
அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம்.
பதில் வரும்வரை அந்த இடம்
அச்சில் சாய்வெழுத்தாய் வரும்,
திரையில் சாம்பலாய்,
எக்செல்லில் மஞ்சள் கட்டமாய்.

முகாமையாளர் போன் எடுத்தார்,
மஞ்சளை அழிக்க ஏலாதோ என்று.
ஏலும் ஐயா, ஒரு வரி மாற்றினால்
போதும் என்று நான் தொடங்க,
நிலோஜினி போனை வாங்கி
ஏலாது என்றாள்.