மூன்றாவது பீப்பாய்

எனக்குத் தொலைநோக்கி தரவில்லை.
முதல் மாதமே ஷம்மா சொல்லிவிட்டாள்:
உனக்குக் குரல் இருக்கிறது, நீ வண்டிகளைப் பார்.
அல் குவாவில் தார்ச்சாலை முடிந்து
மணல் இறுகிக் கிடக்கும் இடத்தில்
மூன்று நீலப் பீப்பாய்கள்.
மூன்றாவதைத் தாண்டினால் ஹெட்லைட் கூடாது.
அவ்வளவுதான் என் வானியல்.

கையில் சிவப்புக் கண்ணாடித் தாள்,
மணிக்கட்டு நிறைய ரப்பர் பேண்ட்.
வருகிறவர்களின் டார்ச்சுக்கும் செல்போனுக்கும்
சிவப்புச் சட்டை மாட்டிவிடுவேன்.
"தானா எரியுதுங்க, அணைக்கத் தெரியல"
என்பார்கள் புது வண்டிக்காரர்கள்.
ஜன்னலுக்குள் தலையை விட்டு
அவர்கள் பொத்தானை நானே தேடுவேன்.

பகலில் முசஃபாவில்
விளம்பரப் பலகை செய்யும் கம்பெனியில் கணக்கெழுதுகிறேன்.
வடக்கே அடிவானத்தில் ஆரஞ்சாய் ஒரு கறை தெரிகிறதே,
அதில் எங்கள் பங்கு எவ்வளவென்று
இன்வாய்ஸைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.
இதுவரை யாரும் கேட்டதில்லை.

நவம்பர், அமாவாசைக்கு முந்தின நாள்.
பள்ளிப் பேருந்து ஒன்று வந்து நின்றது.
நாற்பத்திரண்டு பிள்ளைகள்.
ஒருத்திக்கு மிதித்தால் மின்னும் ஷூ.
குனிந்து அதற்கும் தாள் சுற்றினேன்,
அழுதாள், பிறகு சிவப்பாய் நடந்து பார்த்தாள்.

ஓட்டுநர் இறங்கவில்லை.
தலைக்கு மேல் விளக்கெரிய உட்கார்ந்திருந்தார்.
அணைக்கச் சொன்னேன், அணைத்தார்.
பதிவேட்டுக்குப் பெயர் கேட்டேன்.
"இருளப்பன்."
பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தேன்.
"நெசமாத்தாங்க. பரமக்குடிப் பக்கம்."

சனி தெரியுது, வளையத்தோட, வந்து பாருங்க என்றேன்.
"ஏழரை நடக்குதும்மா.
இன்னும் ரெண்டு வருசம் பாக்கி.
அவன் என்னப் பாக்குறது பத்தாதுன்னு
நானும் போய்ப் பாக்கணுமா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு
பீப்பாய்க்குத் திரும்பிவிட்டேன்.

அங்கே ஸரீஃபின் தொலைநோக்கியில்
வரிசை நெளிந்துகொண்டிருந்தது.
உள்ளே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்கள்
என்று ஒரு பையன் சண்டை.
ஸரீஃப் குழாயை ஒரு விரல் தள்ளினான்.
சனி காணாமல் போனது.
பையன் வானத்தை வெறுங்கண்ணால் தேடி
மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போனான்.

பதினொன்றரைக்குத் தெற்கே, மணல்மேட்டின் விளிம்பில்
சுஹைல் என்று காட்டினாள் ஷம்மா.
எங்களுக்கு அகத்தியர் என்றேன்.
"உங்களவர் என்ன செய்வார்?"
"கடலைக் குடிப்பார்."
"எங்களவன் வெயிலை இறக்குவான்."
கரக் டீ ஆறிப்போயிருந்தது. இருந்தாலும் குடித்தோம்.

வரிசை தீர்ந்த பிறகு
பின்னாலிருந்து யாரோ செருமினார்கள்.
செருப்பைக் கழற்றி
ஓரமாய் வைத்துவிட்டு வந்திருந்தார் இருளப்பன்.
எதையும் தொடாதீங்க என்று நான் சொல்லும் முன்பே
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார்.

இந்த வருடம் வளையம் விளிம்பு காட்டி நிற்கிறது,
கடுகில் ஊசி ஏற்றியது போல.
அதைத்தான் பார்த்திருப்பார்.
நெடுநேரம் பேச்சில்லை.

"நடுங்குறான்மா."

காத்துங்க, பகல்ல குடிச்ச சூட்டை
மணல் இன்னும் விட்டுக்கிட்டிருக்கு, அதான் அப்படித் தெரியுது என்றேன்.
"காத்தோ என்னவோ. நடுங்குறான்."
கண்ணை எடுக்கவில்லை.
நேரமாச்சு என்று ஸரீஃப் கடிகாரத்தைத் தட்டினான்.
நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

கிளம்பும்போது பிள்ளைகள் தூங்கியிருந்தார்கள்.
சிவப்பு டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்து
நான் முன்னால் நடக்க
ஐம்பது சீட் பேருந்து என் நடைக்கு வந்தது,
கோயில் யானை போல, மூச்சு மட்டும் கேட்க.
மூன்றாவது பீப்பாய். ஒதுங்கி நின்று கையசைத்தேன்.
இனி விளக்குப் போடலாம்.

அவர் போடவில்லை.
தார்ச்சாலை தொடுகிற வரை
எஞ்சின் சத்தம் மட்டும் இருட்டில் போய்க்கொண்டிருந்தது.
வாய்வரை வந்த குரலை
நான் எழுப்பவில்லை.