பதின்மூன்றாவது தட்டு

காலை அறிக்கையில் மூன்று என்று போட்டிருந்தார்கள்.
ஐந்தில் மூன்று.
நான்கென்றால் பேசாமல் வீட்டில் கிடப்போம்.
இரண்டென்றால் கதையடித்துக்கொண்டே ஏறுவோம்.
மூன்றுதான் ஆளைத் தின்கிற எண் என்பான் எய்லிஃப்,
சொல்லிக்கொண்டே
சறுக்குப்பலகையின் அடியில் தோலை ஒட்டுவான்.

கார் நிறுத்திய இடத்தில்
ஒருவர் மார்பை ஒருவர் கடந்து நடந்தோம்.
பீப். பீப். பீப்.
மூன்று கருவிகளுக்கும் உயிர் இருந்தது.
கீழே ஃபியோர்டு, ஆறிப்போன ஈயம்.
மீன் உலர்த்தும் சட்டங்களில் ஒரு காகம்கூட இல்லை.

பிர்ச் மரங்கள் முடிகிற இடத்துக்கு மேல்
மூன்று நாளாய் வேலை பார்த்திருந்தது தென்மேற்குக் காற்று:
அந்தப் பக்கத்துப் பனியைச் சுரண்டி
இந்தப் பக்கத்துத் தோளில் அடுக்கியிருந்தது,
கடன்பட்டவன் ராவோடு ராவாகச்
சாமான் மாற்றுவதைப் போல.

யூருன் ஓரடி வைத்தாள்.
வூம்.
காலுக்கடியில் மலை ஒரு விரற்கடை உட்கார்ந்தது.
அவ்வளவுதான்.
இருபது மீட்டர் தள்ளி
ஒரு குட்டி பிர்ச் தலையாட்டியது.

குழி வெட்டினோம், இடுப்பளவு.
சுவரைத் தூரிகையால் நீவ, வரிகள் எழுந்தன.
மேலே காற்று இறுக்கிய பலகை, நாற்பது சென்டிமீட்டர்,
கத்தியே யோசித்துத்தான் இறங்கியது.
அடியில் நவம்பரின் பனி,
கைக்குள் நிற்காத சர்க்கரை.
முன்பனியின்மேல் பின்பனி ஏறி அமர்ந்திருந்தது.
நடுவே ஒட்டு இல்லை,
ரவையின்மேல் வைத்த பீங்கான் தட்டு.

தூணாகச் செதுக்கி, மேலே மண்வாரியின் தகட்டை வைத்தேன்.
மணிக்கட்டை அசைத்துப் பத்துத் தட்டு. ஒன்றுமில்லை.
பிறகு முழங்கையிலிருந்து.
பதினொன்று. பன்னிரண்டு.
பதின்மூன்றில்
மேல்பாதி அப்படியே என் மடியில் வந்து விழுந்தது,
ரொட்டியை அறுத்ததுபோல் நேராக.

"பதின்மூன்று நடுத்தரம்தானே" என்றான் எய்லிஃப்.
"ஒவ்வொருவராகப் போவோம். ஒருவர் நடக்க இருவர் பார்க்க.
கோல்வாரைக் கழற்றிவிட்டு, அந்தப் பாறைவரை."
இதே சரிவில் நாற்பது முறை இறங்கியவன்.
சரிவுக்குத் தன் பெயர் தெரியும் என்று நினைக்கிறவன்.
நான் சாய்வுமானியை வைத்தேன்: முப்பத்தேழு டிகிரி.
வைத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.
இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.
மேலே வெயில் பட்டிருந்தது,
ஒரு தடம்கூட விழாத மஞ்சள்.

யூருன்தான் சொன்னாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு,
எங்களோடு இரண்டாம் முறை வந்தவள்:
"எனக்கு வேண்டாம்."

யாரும் காரணம் கேட்கவில்லை.
ஒரு 'வேண்டாம்' போதும் என்பது காரிலேயே பேசியது.
மூவரில் இருவர்
அங்கே பெரும்பான்மை இல்லை.

குழியை மூடினோம், அடுத்து வருகிறவரின் காலுக்காக.
ஏறிய தடத்திலேயே இறங்கினோம்.
கிளை முகத்தில் அடிக்க, முட்டி மரத்தில் உரச,
படுகேவலமான இறக்கம்.
எய்லிஃப் இரண்டு முறை விழுந்தான்.
இரண்டாம் முறை சிரித்தான்.

மறுநாள் காலை
தொலைநோக்கியோடு ஜன்னலில் நின்றான்.
அந்தச் சரிவில் இரண்டு தடங்கள்,
மேலிருந்து கீழ்வரை, பின்னிய சடைபோல.
யாரோ.
எண்ணினான். மறுபடியும் எண்ணினான்.
உள்ளே போன இரண்டும் வெளியே வந்திருந்தன.
"நல்லது" என்றான்.
மனசாரத்தான் சொன்னான்.
கொஞ்சம் வலித்தும் சொன்னான்.

விழாத சரிவு எந்தப் பக்கத்துக்கும் சாட்சி சொல்லாது.
அவர்கள் தட்டியது பன்னிரண்டோடு நின்றிருக்கலாம்.

மேசையில், காபிக்குப் பக்கத்தில்,
யூருனின் கருவி மினுக்கிக்கொண்டிருந்தது.
அணைக்க மறந்திருக்கிறாள்.
யாரும் தேடாத சமையலறையில் ராத்திரி முழுக்க
இருக்கிறேன், இருக்கிறேன், என்று.
பேட்டரி பாதிக்குக் கீழே போயிருந்தது.

எய்லிஃப் இழுப்பறையைத் திறந்து துழாவினான்.
புதிதாய் மூன்று எடுத்து
அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.