வல்லின றகரம்

சின்னப்பாலத்தில்
மரிக்கொழுந்துப் பாசி காயும் மணலில் நின்று
மூன்று நாள் மொழிபெயர்த்தேன்.
நாளுக்கு அறுநூறு ரூபாய், மதியச் சாப்பாடு தனி.
வாங்க வந்தவர் பெயர் பியோன்,
புசான் துறைமுகத்தில் கம்பெனி.
அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும்
பாதி வழியில் சந்தித்துக்கொள்ளும்.
ஈரப்பதம், உப்பு, கல் கலப்பு, விலை:
அதுவரைக்கும் சிக்கல் இல்லை.

மூன்றாம் நாள் எடை முடிந்து டீ வந்தபோது
விரலில் சுற்றிய துணியை அவிழ்த்தபடி
கித்தேரி கேட்டாள்:
"இவுகளுக்குச் சொந்தபந்தம் உண்டுமான்னு கேளுங்க."

ஓர் அத்தை. வடக்கே, வொன்சானில்.
போர் நின்றபோது அவளுக்குப் பதினேழு.
இருந்தால் தொண்ணூறைத் தொடும்.
கடிதம் போகாது.

பிறகு அவர் நீளமாகப் பேசினார்.
சீனா, ஜப்பான், ரஷ்யா, அமெரிக்கா.
எங்கள் எதிர்காலத்தில்
எல்லாருக்கும் இன்ட்ரஸ்ட் என்றார்.
அமெரிக்கா எப்படிப் பக்கத்து நாடு என்றேன்.
"வாசலில் படுத்திருப்பவன் பக்கத்தில்தானே இருக்கிறான்."

நான் சொன்னேன்:
"நாலு வல்லரசுக்கு இவுக மேல அக்கறை."

அவள் காதில் விழுந்தது அக்கரை.
எங்கள் கரையில் யாரும்
வல்லின றகரத்தை அழுத்துவதில்லை.
"ஆமா, நமக்கும்தான் அக்கரை இருக்கு"
என்று தலைமன்னார்ப் பக்கம் மோவாயைத் தூக்கினாள்.
மண்டபம் முகாமிலிருந்து கூலிக்கு வந்த சிவயோகம்
அந்தப் பக்கம் பார்க்கவில்லை.
சாக்கின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

திருத்தினேன்.
இன்ட்ரஸ்ட் என்றால் இன்னொன்றும் உண்டு, வட்டி.
"அப்படிச் சொல்லுங்க" என்றாள் கித்தேரி.

அப்புறம் தன் தெருவைச் சொன்னாள்.
சூசைராயன் பிள்ளைகளின் பாகப்பிரிவினை,
முற்றத்தைப் பிளந்து சந்துவரை ஓடிய சுவர்.
மேற்கு வீட்டுக்காரருக்கு
அந்த நிழலில்தான் ஆடு கட்டத் தோது.
கிழக்கு வீட்டுச் சாக்கடை
சுவரை அண்டித் தம்பி பக்கம் போய்விடும்.
வட்டிக்குக் கொடுக்கும் மிக்கேல்
ஒருவருக்குத் தெரியாமல் மற்றவருக்குக் கொடுத்திருக்கிறார்.
தெருமுனை ஆள் ஒருவன், உறவுமில்லை,
அண்ணன் வாசலில் கட்டில் போட்டுக் காவல் இருக்கிறான்.
பெருநாள் தவறாமல் எல்லாரும் கேட்பார்கள்:
"எப்பப்பா ஒண்ணு சேரப் போறீக?"

ஓர் ஐப்பசிப் புயலில் சுவர் விரிந்தது,
கை நுழையும் அளவு.
அண்ணன் மகளும் தம்பி மகளும்
அதன் வழியே ஒரு கிண்ணம் மீன்குழம்பைக் கைமாற்றியதைத்
தெருவே பார்த்தது.
ஞாயிற்றுப் பூசை முடிந்து வந்தால்
விரிசல் பூசியிருந்தது.
பூசியது அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை.
சிமெண்டுக்கு யாரும் காசு கேட்கவில்லை.

இதைச் சொல்லி முடிக்க எனக்கு வெகுநேரம் ஆனது.
ஆடு, சாக்கடை, வட்டி எல்லாம் எளிதாய்ப் போய்ச் சேர்ந்தன.
குழம்பில் தடுமாறினேன்.
பியோன் அவசரப்படுத்தவில்லை.
டீ ஆடை கட்டிய பிறகு கேட்டார்,
"அந்தப் பெண்கள்?"

"கட்டிக்குடுத்துட்டாக. ஒருத்தி வேதாளையில, ஒருத்தி வேம்பாருல.
போன்ல பேசிக்கிருவாளுக."

அவர் கைபேசியைப் பையிலிருந்து எடுத்தார்.
மணி பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு
உள்ளே வைத்தார்.

காற்று வாடையாகத் திரும்பியது.
தார்ப்பாயின் நாலு மூலையிலும்
நாலு பேர் கல் தேடி வைத்தார்கள்.
சிவயோகம் ஊசியை நூலில் குத்தி நிறுத்தி
முதன்முறையாக வாய் திறந்தாள்:
"பூசினது ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாதோ?"

கித்தேரி ஈரத்துணியைப் பிழிந்தாள்,
தண்ணீர் வராத பிறகும் பிழிந்தாள்.
"மூணு மூட்டை சிமெண்டு.
ஒண்ணு எங்க வீட்டுது.
சாக்கடை எங்க வாசலுக்கே திரும்பிருமேன்னு."

என்ன சொல்கிறார்கள் என்று
பியோன் என் முகத்தைப் பார்த்தார்.

விலையைப் பற்றித்தான், என்றேன்.