மரமாக நின்றவன்

ஆறு மணி என்று போட்டிருந்தார்கள்.
ஏழேகாலாகியும் திரை விலகவில்லை.
அதற்குள் சின்னவளுக்கு இரண்டு தரம் மூத்திரம்,
மூத்தவனுக்கு ஒரு சுருள் கச்சான்,
எனக்குக் கால் ஆடுகிற பிளாஸ்ரிக் கதிரை.

மல்லாவிப் பள்ளிக்கூடத்தில் இசைநாடகம்.
ராசா ஏ.எல். படிக்கிற பெடியன்.
மீசை ஒரு பக்கம் கழன்று தொங்க
சுருதி விடாமல் பாடினான்.
தபேலா பிந்தியது. ஒருவரும் கவலைப்படவில்லை.

சின்னவள் ராசாவைப் பார்க்கவேயில்லை.
ஓரத்தில் மரமாக நின்றவனையே பார்த்தாள்.
சாக்கு உடுத்து, முகமெல்லாம் பச்சை,
இரண்டு கையிலும் வேப்பங்குழை.
"அம்மா, மரம் சொறியுது!"
பாட்டின் நடுவில், மண்டபம் முழுக்கக் கேட்க.
ராணிக்குச் சிரிப்பு வந்து அடி தவறியது.
மரம் சிரிக்கவில்லை.
அதன்பிறகு
நுளம்பு கடிக்கக் கடிக்க அசையாமல் நின்றது.

காட்டில் மழை வருகிற காட்சி.
திரைக்குப் பின்னால் யாரோ தகரத்தில் ஓங்கி அடிக்க
இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு
கதிரைகளுக்கு நடுவே குனிந்துவிட்டேன்.
"விடுங்கோ அம்மா, அது பொய் இடி."
நிமிர்ந்தபோது
முன்வரிசையிலும் சிலர்
செருப்புத் தேடியவர்கள் போல
மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தார்கள்.

ஸ்கூட்டியில் திரும்பினோம்.
முன்னால் ஒன்று நித்திரை.
பின்னால் மற்றது ராசாவின் பாட்டு,
பாதிச் சொல் அவனே போட்டது.
றோட்டில் படுத்திருந்த மாடுகளுக்காக நான் நிறுத்த
லைற் இல்லாத சைக்கிளில்
மரம் எங்களைத் தாண்டிப் போனது,
காதோரம் இன்னும் பச்சை,
ஒற்றைக் கையால்
ஆசைதீரச் சொறிந்துகொண்டு.